சட்டைப்பையில் இருந்த பியூஸ்

கல்லிடைக்குறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் ஓர் அரிசி ஆலை. போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம். பேனல் போர்டைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து முடித்தாயிற்று. மாலையை எங்கே கட்டுவது என்று புதிதாகச் சேர்ந்த பையன் இடம் தேடினான். மெயின் சுவிட்ச் கைப்பிடியில் வரிசையாக மூன்று துளைகள். நூலை அதில் கோத்து முடிச்சுப் போட்டான். போட்டுவிட்டு, "அண்ணாச்சி, இந்த ஓட்டை எதுக்கு?" என்று கேட்டான்.

"மாலை கட்டத்தாம்லே" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

அந்தத் துளை பூட்டுக்கானது. மெயினை ஆஃப் செய்து, கைப்பிடியில் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு ஒருவன் மோட்டாரில் கை வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சுவிட்ச் செய்யும் கம்பெனி அதை வைத்து அனுப்புகிறது. மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. மூன்றும் கழன்றால்தான் கைப்பிடி நகரும். இது எனக்குத் தெரியும். என்னோடு சிரித்தவர்களில் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் ஒரு பையனுக்கு அன்று அந்தப் பதிலைத்தான் சொன்னோம். வீட்டுக்கு வந்த பிறகு அது சிரிப்பாக இல்லை. இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

நாங்கள் என்று நான் சொல்வது யாரை? பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணி ஆற்றின் இரு கரையிலும் ஆலைகளுக்கு வயரிங் செய்பவர்கள், மோட்டார் காயில் கட்டுபவர்கள், லைசென்ஸ் வைத்திருக்கும் வயர்மேன்கள், லைசென்ஸே இல்லாமல் முப்பது வருடம் ஓட்டிவிட்டவர்கள், எங்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள், மேஸ்திரிகள், கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சூப்பர்வைசர்கள். பிறரைக் குறை சொல்ல வரவில்லை. இந்தப் பட்டியலில் இரண்டு மூன்று இடங்களில் நானே இருக்கிறேன்.

சட்டம் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே, 50-வது விதியில், இது இருக்கிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும், அல்லது ஒரே இயந்திரத்தை ஓட்டும் மோட்டார்களுக்கும் வேறு சாதனங்களுக்கும் சேர்த்து, எல்லா பேஸும் ஒன்றாகத் துண்டிக்கப்படும் ஒரு சுவிட்சோ பிரேக்கரோ இருக்க வேண்டும். அது மோட்டாரின் அருகில் இருக்க வேண்டும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரின் கைக்குச் சுலபமாக எட்ட வேண்டும். அதை ஆஃப் செய்தால் மோட்டாருக்கு மட்டுமல்ல, அதைச் சேர்ந்த ஸ்டார்ட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் சேர்த்தே மின்சாரம் நிற்க வேண்டும். விதிகள் 2010-இல் ஒரு முறையும் 2023-இல் ஒரு முறையும் புதிதாக எழுதப்பட்டன. இந்தக் கட்டளை தொடர்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-வது பிரிவு, ஒவ்வொரு வேலைக் கூடத்திலும் அவசரத்தில் ஓட்டத்தை நிறுத்த வழி வேண்டும் என்றது. 1987-இல் அதில் ஒரு வரியும் சேர்த்தார்கள்: தற்செயலாக ஆஃபிலிருந்து ஆனுக்குப் போகக்கூடிய சுவிட்ச் என்றால், அதை ஆஃபிலேயே பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும். பூட்டு என்ற சொல் சட்டத்துக்குள் வந்தே 35 வருடத்துக்கு மேல் ஆகிறது.

அமெரிக்கக்காரன் தன் விதியில் கணக்கே சொல்லிவிட்டான்: மோட்டாரிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், 50 அடிக்கு மேல் போகக் கூடாது. நம் விதி 'அருகில்' என்று சொல்லிவிட்டு நம்மை நம்பியது. நாங்கள் அந்த 'அருகில்' என்ற சொல்லை இழுத்தோம். முதலில் அடுத்த தூண் வரை, அப்புறம் அடுத்த அறை வரை, கடைசியில் மாடிப்படிக்கு மேலே கண்ணாடி போட்ட பேனல் ரூம் வரை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் 1880-களில் வந்தபோது ஆற்றுத் தண்ணீர்தான் அதை ஓட்டியது. பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-இல். அதன் பிறகும் பல காலம், நாங்கள் தொழில் பழகிய சின்ன ஆலைகளில், ஒரே ஒரு பெரிய மோட்டார்தான். அல்லது ஓர் ஆயில் எஞ்சின். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாஃப்ட். அதிலிருந்து ஹல்லருக்கு ஒரு பெல்ட், சல்லடைக்கு ஒரு பெல்ட், எலிவேட்டருக்கு ஒரு பெல்ட். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் பக்கத்திலேயே லூஸ் புல்லி. மரக்கழியால் பெல்ட்டைத் தள்ளி லூஸ் புல்லிக்கு மாற்றினால் அந்த ஓர் இயந்திரம் மட்டும் நிற்கும். இயந்திரத்தின் முன்னால் நிற்பவன் கையிலேயே அந்தக் கழி இருந்தது. பெல்ட் எங்கே ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதில் ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. வேட்டி சுற்றிச் செத்தவர்கள் கதை ஊருக்கு ஒன்று உண்டு. ஆனால் நிற்கிறதா ஓடுகிறதா என்ற சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை.

பிறகு இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வந்தது. என் ஆசான் அந்தக் காலத்து வயர்மேன். எட்டாம் வகுப்பு, படித்ததெல்லாம் கம்பத்தில். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த மோட்டாரில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் இரும்புப் பெட்டி மெயினை இறக்குவார். மூடியைத் திறந்து மூன்று பியூஸ் கேரியரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பீங்கான் கேரியர், வெள்ளையாக, சோழி மாதிரி இருக்கும். மூன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மேல்பையில் கொள்ளாவிட்டால் இரண்டு மேலே, ஒன்று கால்சட்டையில். அப்புறம் இரண்டு பல்பை வரிசையாகக் கட்டிய டெஸ்ட் லாம்பை எடுத்து, பேஸுக்குப் பேஸ் மூன்று தடவை, எர்த்துக்கு மூன்று தடவை வைத்துப் பார்ப்பார். எரியவில்லை என்றால் உடனே நம்பிவிட மாட்டார். பக்கத்தில் உயிரோடு இருக்கும் லைனில் ஒரு தடவை வைத்து பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். வேலை முடியும்வரை அவர் நடந்தால் பையில் பீங்கான் கிளுகிளு என்று சத்தம் கேட்கும். டீ குடிக்கப் போனாலும் அந்தச் சத்தம் கூடவே போகும்.

"எம் பையில இருக்கு கரண்டு" என்பார்.

லாக்-அவுட் என்று இன்று உலகம் முழுக்க வகுப்பு எடுக்கிறார்கள். அமெரிக்காவில் அதைச் சட்டமாக்கியது 1989-இல். என் ஆசான் அதற்கு முன்பே பீங்கானை வைத்து அதைச் செய்துகொண்டிருந்தார். யாருக்கு அடிபடுமோ அவன் கையில்தான் சாவி இருக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

எம்.சி.பி. என்ற பிரேக்கர் வந்ததும் பழைய பியூஸ் கட்டைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டோம். எம்.சி.பி. நல்ல பொருள்தான். ஷார்ட் ஆனால் கண்ணிமைக்குள் டிரிப் ஆகும், பியூஸ் கம்பிக்குப் பதில் செம்புக் கம்பியை முறுக்கிப் போடும் திருட்டு வேலைக்கு அதில் இடம் கிடையாது. ஆனால் அதைப் பிடுங்கிப் பையில் போட முடியாது. கீழே தள்ளிவிட்டு நாம் இந்தப் பக்கம் வந்தால், வேறொருவன் வந்து "யாருடா இத ஆஃப் பண்ணது" என்று மேலே தள்ளிவிடலாம். அதற்கென்று பூட்டு மாட்டும் கிளிப் கடையில் கிடைக்கிறது. சங்கரன்கோவில் ரோட்டில் என் கடைக்கு எதிரிலேயே கிடைக்கிறது. இருபது வருடத்தில் நான் ஒன்றுகூட வாங்கியதில்லை. ஒரு பொருளை மாற்றும்போது அதோடு ஒட்டியிருந்த பழக்கத்துக்கு மாற்று என்ன என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் பிழைகளில் இதுதான் முதலாவது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பிழை உமியால் வந்தது. அரிசி ஆலையில் தூசி பிடிக்காத இடம் கிடையாது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் தவிடு போய்க் கான்டாக்டர் ஒட்டிக்கொள்ளும், எலி போய்க் கூடு கட்டும். ஆகவே எல்லா ஸ்டார்ட்டரையும் ஒரே பேனலாக்கி, தூசி வராத அறையில் கொண்டுபோய் வைத்தோம். அதுவரை சரி. மோட்டார் பக்கத்தில், மின்சாரத்தை அங்கேயே துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் பெட்டி வைத்து, கேபிளை அதன் வழியாக இழுத்திருக்க வேண்டும். எஸ்டிமேட் போடும்போது நான் போடுவேன். முதலாளி அதில் பேனாவை வைப்பார். "இது எதுக்கு அண்ணாச்சி? அங்கதான் சுவிட்ச் இருக்கே?" பதினோரு மோட்டார் என்றால் பதினோரு பெட்டி, இருபத்திரண்டு கிளாண்டு. நான் அடித்துவிடுவேன். ஆலை மோட்டார் இல்லாமல் ஓடாது, பெட்டி இல்லாமல் ஓடும் அல்லவா? மூன்றாவது நான்காவது எஸ்டிமேட்டில் நானே போடுவதை நிறுத்திவிட்டேன். கேட்டால் அடிப்பார் என்று தெரிந்த வரியை எதற்கு எழுத வேண்டும்?

பெட்டிக்குப் பதில் மோட்டார் பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டன் வைத்துக் கொடுப்போம். அதை எல்லோரும் சுவிட்ச் என்று நம்புகிறார்கள். அது சுவிட்ச் இல்லை. அது பேனலில் உள்ள கான்டாக்டருக்குச் சொல்லி அனுப்பும் ஆள். 'நிறுத்து' என்று சொல்லும். கான்டாக்டர் கேட்டால் நிற்கும். கான்டாக்டரின் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கிடந்தால் கேட்காது. பவர் பேக்டருக்காக மோட்டாரோடு சேர்த்துக் கட்டிய கப்பாசிட்டர், எல்லாம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அடிக்கும். பேனலையே ஆஃப் செய்தாலும், பக்கத்துப் பேனலிலிருந்து இன்டர்லாக்குக்காக வந்த ஒரு மெல்லிய வயரில் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். அந்த வயரை இழுத்தவர்கள் நாங்கள்தான். அதற்கு வேறு நிறம் கொடுக்க வேண்டும், குறிப்பு எழுதி ஒட்ட வேண்டும். அதையும் செய்ததில்லை.

2012-ஐப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. மின்வெட்டுக் காலம். தென் மாவட்டங்களில் சில நாட்கள் 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஆலைகள் மணிக்கூட்டைப் பார்த்து ஓடின. கரண்ட் போகும் நேரம், வரும் நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். பழுது பார்ப்பது, பெல்ட் மாற்றுவது, குழி சுத்தம் செய்வது எல்லாவற்றையும் வெட்டு நேரத்துக்கு ஒதுக்கினோம். மெயினை ஆஃப் செய்வதில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? கரண்ட்தான் இல்லையே. மின்வாரியமே எங்களுக்கு இலவசமாக ஆஃப் செய்து கொடுத்தது என்று நினைத்துக்கொண்டோம்.

எந்த மோட்டார் ஸ்டார்ட்டரிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. பச்சைப் பட்டனை அமுக்கினால் கான்டாக்டர் இழுத்து, தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் ஒருவர் வந்து அமுக்கும்வரை ஓடாது. நோ-வோல்ட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வயலில் பம்புசெட்டுக்கு ஆட்டோ போட்டு, நடுராத்திரி திரீ பேஸ் வந்ததும் மோட்டார் தானாக எடுக்கும்படி செய்திருப்பார்கள். ஊரெல்லாம் பார்த்த காட்சி. ஆலை முதலாளி ஒருவர் அதைச் சொல்லித்தான் கேட்டார். "ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ கரண்டு போவுது. ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் ஓடிப் போயி அமுக்க வேண்டியிருக்கு. எலிவேட்டர் ரெண்டையும் தானா எடுக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க."

பண்ணிக் கொடுத்தேன். பச்சை, சிவப்புப் பட்டனைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு டாகிள் சுவிட்சை மாட்டினேன். அரை மணி நேர வேலை. சாமான் எழுபது ரூபாய்க்குள்தான். கூலி வாங்கினேனா என்பது ஞாபகம் இல்லை. வாங்காமல் இருந்திருக்க மாட்டேன்.

ஐப்பசி மாதம். நெல் ஈரம். எலிவேட்டரின் அடிக்குழியில் நெல் அடைத்துக்கொண்டது. கரண்ட் போயிருந்தது, வர இன்னும் இருபது நிமிடம் என்று கணக்கு. கீழ்க் கதவைக் கழற்றிவிட்டு, அடைத்த நெல்லைக் கையால் வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தான் ஒரு பையன். வயது பத்தொன்பது. "இந்தா முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். கரண்ட் அன்று பத்து நிமிடம் முன்னால் வந்தது. டாகிள் ஆனில் இருந்தது. மேலே தொங்கிய பக்கெட் ஒவ்வொன்றும் தகரம், விளிம்பு கூர். எலிவேட்டரை நிறுத்த ஒருவன் பேனல் ரூமுக்கு ஓடினான். அறை பூட்டியிருந்தது. ஆமாம், அறையைப் பூட்டியிருந்தோம், எவனாவது பேனலில் கை வைத்துவிடக் கூடாது என்று.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வலது கையில் மூன்று விரல் போயிற்று.

மூன்று விரலுக்குச் சட்டத்தில் கணக்கு உண்டு. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரல் விரலாக எழுதி வைத்திருந்தார்கள்: ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு இழப்பு, மூன்று என்றால் 30. பையனுக்கு அந்தக் கணக்கும் கிடைக்கவில்லை. ஆலை ரிஜிஸ்டரில் அவன் பெயர் இல்லை. பேசி முடித்தார்கள். பேசி முடித்த இடத்தில் நானும் இருந்தேன். "அவன் அவசரப்பட்டுட்டான்" என்று முதலில் சொன்னது யார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நானாக இருக்கலாம். டாகிள் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அது எப்போது, யார் மாட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நான் போய் அதைக் கழற்றி, பழைய பட்டனை மாட்டிவிட்டு வந்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மோட்டாராவது சத்தம் போடும். ஹீட்டர் அதுவும் செய்யாது. காயில் கட்டிய மோட்டாரை வார்னிஷில் முக்கி எடுத்து உலர்த்த என் பட்டறையிலேயே ஓர் அடுப்பு இருக்கிறது. உள்ளே நான்கு ஹீட்டர், வெளியே தெர்மோஸ்டாட், ஒரு சிவப்பு விளக்கு. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் துண்டிக்கும், விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் ஹீட்டரில் கரண்ட் இல்லை என்றுதான் கையை விடுவோம். அது ஆஃப் ஆனதல்ல, காத்திருக்கிறது. இரண்டு டிகிரி குறைந்தால் தானாக எடுக்கும். அதிலும் எங்கள் அடுப்பில் தெர்மோஸ்டாட்டை நியூட்ரல் பக்கம் கொடுத்திருந்தோம். விளக்கு அணைந்தாலும் பேஸ் ஹீட்டர் முனையிலேயே நின்றது. எனக்கே அடித்தது. நான்கு வருடம் அப்படியே ஓட்டிய பிறகு அடித்தது. மழைக்காலத்தில் ஒரு மாதம் சும்மா கிடந்த ஹீட்டர் உள்ளே ஈரம் இழுத்துக்கொள்ளும்; இன்சுலேஷன் பார்க்கும் மெகர் வைத்தால் ஊசி எழும்பாது; வெளி உலோகமே அடிக்கும். பேட்டைப் பக்கம் பிளாஸ்டிக் பட்டறைகளில் மெஷின் பேரலைச் சுற்றியிருக்கும் பேண்ட் ஹீட்டரை, கன்ட்ரோலரில் சூட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தியிருக்க வேண்டாமா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருந்ததாகவும் தோன்றவில்லை. நான் செய்ததெல்லாம் என் அடுப்பை வாடகை வீட்டு பாத்ரூம் ஹீட்டர் மாதிரி ஒரு பிளக்கில் மாட்டியதுதான். வேலை என்றால் பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். அசிங்கமான வேலை, ஆனாலும் என் ஆசான் ஒத்துக்கொள்வார்.

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆறு ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் பட்டறை வாசலில் மோட்டார்கள் வரிசை கட்டி நின்றன. மூடியைத் திறந்தால் வண்டல், சில சமயம் நத்தை. பேரிங் மாற்றினோம், கழுவினோம், சூடு காட்டினோம், வார்னிஷ் போட்டோம். மூன்று மாதம் ராத்திரி பகல் வேலை. நல்ல காசு பார்த்தோம். இப்போது நினைத்தால் எனக்கு உறுத்துவது வேறு. ஆற்றோர ஆலைகளில் அநேகமாக எல்லா மோட்டாரும் அதன் இடத்தை விட்டுக் கழன்று வெளியே வந்த ஒரே சமயம் அதுதான். கேபிள் வெட்டியாகிவிட்டது, பழைய பெட்டி துருப்பிடித்துப் போயாகிவிட்டது, முதலாளிகளும் எதையும் செய்யும் மனநிலையில் இருந்தார்கள். மாற்றி வைக்கும்போது ஒவ்வொரு மோட்டாருக்கும் பக்கத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில், ஒரு ஐசொலேட்டர் வைத்துக் கொடுத்திருக்கலாம். ஒருவரும் செய்யவில்லை. பழைய கேபிளின் நுனியைச் சீவி, பழைய இடத்திலேயே முறுக்கிவிட்டு, "ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆலைக்குப் போனோம்.

தெரியாமல் செய்தோம் என்றாவது சொல்ல முடியுமா? மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவுக்குப் போய் வந்தவர் இல்லாத தெரு இல்லை. ஜுபைலில் பன்னிரண்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். அங்கே காலையில் பூட்டும் பெயரட்டையும் வாங்காமல் வேலைக்கு இறங்க முடியாதாம். பூட்டு போடாதவனை மதியமே பிளைட் ஏற்றுவார்களாம். கூடங்குளத்தில் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு வந்த பையன்களுக்கும் பெர்மிட் என்றால் என்ன என்று தெரியும். இங்கே மின்வாரியத்து லைன்மேனே எல்.சி. (லைன் கிளியர்) வாங்காமல் கம்பம் ஏறக் கூடாது. ஏறியவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர்கள் குடும்பங்களுக்குத் தெரியும். கன்னடியன் கால்வாயில் ஷட்டரை இறக்கினால் லஸ்கர் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போவார். தண்ணீருக்குப் பூட்டுப் போடத் தெரிந்த ஊர் இது.

ஜுபைல்காரரிடம் ஒரு நாள் கேட்டேன்: "அங்க பூட்டுனீங்க, இங்க ஏன் பூட்டல?" அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அங்க பூட்டாட்டி வேல போயிரும் அண்ணாச்சி. இங்க பூட்டுனா வேல போயிரும்" என்றார். பூட்டைப் போட்டுக்கொண்டு நிற்பவனை இங்கே பயந்தாங்கொள்ளி என்பார்கள், நேரத்தை வீணாக்குகிறவன் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் விரல் நுனியால் தொட்டுப் பார்க்கும் வயர்மேனை நாங்கள் கெட்டிக்காரன் என்று கொண்டாடியிருக்கிறோம்.

அதிகாரிகள் வந்து பார்ப்பதில்லையே என்று எங்களில் சிலர் சொல்வார்கள். பழைய தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் வைத்து ஓடும் ஆலை என்றால் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பொருந்தியது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு பத்தாவது ஆளைக் கூலி நோட்டில் எழுதாத ஆலைகளுக்கு அது வந்ததில்லை. 2020-இல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. நம் பக்கத்து அரிசி ஆலை, அப்பளக் கம்பெனி, ஐஸ் பேக்டரி, மாவு மில் எல்லாம் அதற்கு வெளியேதான் நிற்கும். ஆனால் மின்சார விதி தலையை எண்ணுவதில்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் மாவு மில்லுக்கும் 'மோட்டாரின் அருகில்' பொருந்தும். அந்த விதிப்படி வேலை முடித்ததாகச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர்கள் அதிகாரிகள் இல்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் நாங்கள்.

இந்தத் தை மாதம் எங்களில் ஏழு பேர் அம்பாசமுத்திரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். சங்கம் வைக்கவில்லை, தீர்மானம் போடவில்லை. எஸ்டிமேட்டில் ஐசொலேட்டர் வரியை மறுபடி எழுதுவது, முதலாளி அடித்தால் அந்த வேலையை எடுக்காமல் விடுவது என்று பேசிக்கொண்டோம். ஏழு பேரில் இரண்டு பேர் அடுத்த மாதமே அதை மீறிவிட்டார்கள். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். வெளியே இருந்து வந்த ஒரு கான்ட்ராக்டர் குறைந்த ரேட் சொன்னார், வேலை போய்விடும் என்று பயந்துவிட்டார்கள். நான் இதுவரை மீறவில்லை. எனக்கு இப்போது வேலை குறைவு, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். மீறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலாளிமார் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக் காலையில் உங்கள் ஆலையில் எலிவேட்டர் குழிப் பக்கம் போய் நில்லுங்கள். அங்கிருந்து அந்த மோட்டாரின் மெயின் சுவிட்ச் கண்ணில் படுகிறதா பாருங்கள். படவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். பேனல் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அப்படியே கேட்டு வையுங்கள்.

அந்தப் பையனிடம், மாலை கட்டியவனிடம், போன வாரம்தான் போய்ச் சொன்னேன். அந்த ஓட்டை எதற்கு என்று. மாலை காய்ந்து நூல் மட்டும் துளையில் கிடந்தது. பிளேடால் அறுத்து எடுத்தோம். கைப்பிடியை ஆஃபில் வைத்து, கடையில் வாங்கிப் போயிருந்த பூட்டைக் கொடுத்தேன். 6 மில்லிமீட்டர் வளையம் உள்ள சாதாரணப் பூட்டு அதில் சரியாகப் போகிறது. சாவி இப்போது அவனிடம் இருக்கிறது.